வயலுக்குத் திரும்பாத வைக்கோல்

குறுவைப் பருவ நெல்லை அறுத்த வயலில் மறுபடியும் நடுகிற நெல்லுக்குக் காவிரிப் படுகையில் தாளடி என்று பெயர். அறுப்பில் மிஞ்சிய தாள் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. மண்ணில் விளைந்ததன் மிச்சத்தை மண்ணுக்கே திருப்புவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். எருக்குழியும் ஆட்டுக்கிடையும் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டும் அறிந்த தஞ்சாவூர், திருவாரூர் உழவர்களுக்கு அது புதிய செய்தியல்ல. தெரிந்திருந்தும் அது ஏன் கைகூடவில்லை என்பதை வைக்கோலை வைத்தே விளக்கலாம்.

ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), 14 முதல் 20 கிலோ சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) உள்ளன. நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி மணிக்குப் போகாமல் தாளிலேயே தங்கிவிடுவதால், வைக்கோலைக் கட்டி லாரியில் ஏற்றும்போது அதுவும் வயலை விட்டுப் போய்விடுகிறது. பொட்டாஷ் உரத்துக்கு ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டுக்கு இது சிறிய இழப்பல்ல.

அப்படியானால் வைக்கோலை வயலிலேயே மடக்கி உழுதுவிடலாமே என்று தோன்றும். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 பங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கோ 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு என்ற அளவில் தழைச்சத்து வேண்டும். பற்றாக்குறையை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால், உழுத கையோடு நட்ட நாற்று பச்சை பிடிக்காமல் வெளிறி நிற்கும். அந்த வயலில் இறங்கி நடந்தால் கால் பதியும் இடமெல்லாம் குமிழிகள் எழும். காற்றில்லாத சேற்றில் வைக்கோல் அழுகும்போது உண்டாகும் மீத்தேன்தான் அதில் பெரும்பங்கு. கூடவே உண்டாகும் அமிலங்கள் இளம் வேரைக் கெடுக்கின்றன. சில வாரங்கள் மட்கவிட்டு நட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் ஆண்டிலும் குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில்தான் நடக்கிறது; அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மழையில் நனைந்த வைக்கோல் மாட்டுக்கும் ஆகாது, அதைக் கட்டும் இயந்திரமும் சேற்றில் இறங்காது. வீணான வைக்கோலை ஒதுக்கிக் கொளுத்துபவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. தாளடி நட அவருக்கு மிஞ்சியிருப்பவை சொற்ப நாட்கள்.

அடுத்தது எடை. மானிய விலையில் 270 ரூபாய்க்குள் கிடைக்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. 100 கிலோ தொழு எருவில் இருப்பது அரைக் கிலோ அளவே என்பதால், அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக 4 டன்னுக்கு மேல் எரு வேண்டும். யூரியா மூட்டையை ஒருவர் தலையில் வைத்து வரப்பில் நடந்துவிடலாம். எருவையோ விலைக்கு வாங்கி, டிராக்டரில் கொண்டுவந்து, கூடை கூடையாக இறைக்க ஆள் பிடிக்க வேண்டும். யூரியா தராத கரிமத்தை எரு தருகிறது, மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டுகிறது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அந்தப் பலன் கண்ணுக்குத் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிர் செய்பவருக்கு அடுத்த ஆண்டு அந்த வயல் கையில் இருக்குமா என்பதே உறுதியில்லை. என் கணிப்பில், இங்கே அறிவுரையைவிட எழுத்தில் அமைந்த நீண்ட காலக் குத்தகைதான் மண்ணுக்கு அதிகம் உதவும்.

இந்தச் சுழற்சியில் அறுவடை இயந்திரம் அறுத்துவிட்ட இன்னொரு கண்ணி உளுந்து. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுபதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது படுகையின் வழக்கம். நெல்லுக்குப் போட்ட உரத்தின் மிச்சத்தையும் ஈரத்தின் மிச்சத்தையும் கொண்டே அவை விளைந்துவிடும். கை அறுப்பில் இளஞ்செடிகள் தப்பின. இப்போதோ இயந்திரத்தின் தடத்தில் சிக்கியவை நசுங்கிவிடுகின்றன. அது பின்னால் கொட்டும் வைக்கோல் வரிசையின் அடியில் சிக்கியவை வெளிச்சமின்றிச் சாகின்றன. இயந்திரம் எட்டாத வரப்போரத்தில் தப்பி நிற்கும் ஒரு செடியை மெல்லப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருக்கும்.