ஃபிளிப்டு கிளாஸ்ரூம்: தமிழில் என்ன சொல்லலாம்?

பாடம் நடத்துவது வகுப்பில், பயிற்சி போடுவது வீட்டில். இந்த இரண்டையும் இடம் மாற்றினால் அதுதான் ஃபிளிப்டு கிளாஸ்ரூம். மாணவர் பாடத்தை முந்தைய நாளே வீடியோவாகப் பார்த்துவிட்டு வருவார். கணக்குப் போடுவது, சந்தேகம் கேட்பது எல்லாம் வகுப்பு நேரத்தில் நடக்கும்.

வேதியியலில் பொருளின் அளவை மோல் என்ற அலகில் சொல்லும் மோல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் போடும்போது எல்லாருக்கும் புரிந்த மாதிரிதான் இருக்கும். தானாகப் போடும்போது, கிராமை மோலாக்கப் பெருக்குவதா வகுப்பதா என்று பேனா நிற்கும். ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் அதுதான். பழைய முறையில் அந்த நேரத்தில் மாணவர் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பெயர் பரவக் காரணமானவர்கள் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள். வகுப்புக்கு வரமுடியாத மாணவர்களுக்காக 2007இல் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இணையம் இல்லாத வீடுகளுக்கு டிவிடியில் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் யோசனை அவர்களுக்கும் முந்தியது. ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் பொருளியல் நடத்திய மூவர், வீடியோ டேப்பை வைத்துச் செய்த இதே முறையை 2000இல் கட்டுரையாக எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'இன்வர்ட்டட் கிளாஸ்ரூம்'.

சரி, தமிழில்? ஃபிளிப் என்றால் புரட்டுவது. ஆனால் 'புரட்டு வகுப்பறை' என்றால் ஏதோ பித்தலாட்டம் நடக்கும் இடம்போல இருக்கிறது. 'புரட்டப்பட்ட வகுப்பறை' இலக்கணப்படி சரி, வாயில்தான் நுழையாது.

'தலைகீழ் வகுப்பறை' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உண்மையில் இது பழைய 'இன்வர்ட்டட்' என்ற பெயருக்குத்தான் நேர் தமிழ். பள்ளிக் கணக்கில் ஒரு பின்னத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் இடம் மாறினால் அதைத் தலைகீழி என்கிறோம். இங்கேயும் அதேபோல வீடும் வகுப்பும் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. சுருக்கமாக இருக்கிறதே என்று 'தலைகீழ்ப் பாடம்' என்று எழுதிவிடக் கூடாது. ஒன்றை மனப்பாடமாக, அப்படியே ஒப்பிக்கும் அளவுக்கு வைத்திருப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே அந்தப் பெயர் உண்டு. இந்த முறை எதை விட்டு விலக நினைக்கிறதோ, அதன் பெயரையே அதற்குச் சூட்டியதாகிவிடும்!

அப்புறம், வினைச்சொல்லாக்கும்போதும் கவனம் வேண்டும். "வகுப்பைத் தலைகீழாக்கிவிட்டேன்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் தலைமையாசிரியர் ஓடிவந்து எட்டிப் பார்ப்பார். "இந்தப் பாடத்தைத் தலைகீழ் வகுப்பறை முறையில் எடுத்தேன்" என்றால் வம்பில்லை.