நீதித்துறை ஆணையரா, ஆணைவழி நீதிபதியா?

ஜூடிஷியல் கமிஷனர் என்ற பதவிப்பெயரைக் கண்டதும் 'நீதித்துறை ஆணையர்' என்று எழுதிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் காலனிகளில் நீதிபதியாக இருந்து, பசிபிக் தீவுகளுக்குத் தலைமை ஜூடிஷியல் கமிஷனராகவும் இருந்த சர் ஜான் கோரியின் வாழ்க்கையை எழுதும்போது இது பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடும். 'தலைமை நீதித்துறை ஆணையர்' என்று படிப்பவர், நீதிமன்றக் கட்டடங்களையும் எழுத்தர் இடமாற்றங்களையும் கவனித்த அதிகாரி என்றே நினைப்பார். அவரோ வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர்.

சொல்லின் வேர் எளிது. இலத்தீனில் ஒப்படைத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது கமிஷன். அரசர் தம் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும் பத்திரம் அது. அதை வைத்திருப்பவர் கமிஷனர். ஆக, 'ஆணை' சரிதான். கோளாறு 'துறை'யில்.

வணிகவரித் துறை ஆணையர், இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் என்றெல்லாம் தினமும் படிக்கிறோம். துறைக்குப் பின் ஆணையர் வந்தால் அவர் அத்துறையின் நிர்வாகத் தலைவர். சரி, துறையை வெட்டிவிட்டு 'நீதி ஆணையர்' என்போமா? ஆணையர் என்றதும் ஆணையம் நினைவுக்கு வரும், கூடவே விசாரணை அறிக்கையும். கோரியின் வாழ்க்கையில் அப்படிப்பட்ட ஆணையங்களும் இரண்டு உண்டு. ஜமைக்காவின் மொரான்ட் பே கிளர்ச்சி 1865இல் ஒடுக்கப்பட்ட விதத்தை ஆராய வந்த அரச ஆணையத்தின் முன் 1866இல் அவர் வழக்கறிஞராக நின்றார். 1892இல், டிரினிடாடின் தலைமை நீதிபதியாக இருந்த அவரது நீதிபரிபாலனத்தையே மார்க்பி, பொல்லாக் என்ற இரு சட்ட அறிஞர்கள் ஆணையமாக வந்து விசாரித்தார்கள். பதவியிலிருந்து நிறுத்தப்பட்ட அவர் அதே ஆண்டில் இறந்தார். எல்லாவற்றையும் ஆணையம், ஆணையர் என்றே எழுதினால் யார் யாரை விசாரித்தார் என்பதே புரியாது.

கோரி வகித்த பசிபிக் பதவி இந்த வகையே இல்லை. கோரி 1876இல் ஃபிஜியின் தலைமை நீதிபதியானார். 1877இல் மேற்குப் பசிபிக் அரசவை ஆணை (Order in Council, பிரிட்டிஷ் முடியாட்சி தன் ஆலோசனை அவையோடு பிறப்பிக்கும் ஆணை) பிறந்தது. ஃபிஜி கவர்னரே ஹை கமிஷனர், தலைமை நீதிபதியே தலைமை ஜூடிஷியல் கமிஷனர் என்று ஏற்பாடு. டோங்கா, சமோவா, சாலமன் தீவுகள் அன்று பிரிட்டிஷ் மண் அல்ல. அதனால் அதிகாரம் மண்ணைப் பற்றாமல் ஆளைப் பற்றியது. தோட்ட வேலைக்குத் தீவு மக்களைக் கடத்திய கப்பல் தலைவன் பிரிட்டிஷ் குடிமகனா, கூண்டில் நிறுத்தலாம். பக்கத்தில் நின்ற ஜெர்மானியனைத் தொட முடியாது. தீவுக்காரன்மீதும் பொதுவாக அதிகாரம் இல்லை. அவன் வெள்ளையனைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தால் போர்க்கப்பல்தான் போய் ஊரைச் சுட்டது.

ஆணை ஒன்றையே ஆதாரமாகக் கொண்ட இந்தப் பதவிக்கு 'ஆணைவழி நீதிபதி' என்பதே பொருந்தும். தமிழ்த் தொடரில் ஆள் யார் என்பதைக் கடைசிச் சொல் சொல்லும். இங்கே ஆள் நீதிபதி. இந்தியாவில் அவத் மாகாணத்திலும் நாகபுரியிலும் அரசப் பட்டயம் பெற்ற உயர் நீதிமன்றம் இல்லாத காலத்தில் இதே பதவிப்பெயருடையவர்கள் வழக்குக் கேட்டார்கள். அவர்களுக்கும் இது சரிவரும். 'நீதிபதி' வடசொல்லாயிற்றே, 'நடுவர்' என்றால் என்ன என்பார்கள். நடுவர் இன்று மாஜிஸ்டிரேட்டுக்கும் கிரிக்கெட் அம்பயருக்கும் போய்விட்டது. தூய்மைக்காகத் தெளிவை விற்க வேண்டாம்.

ஹை கமிஷனரைத் 'தூதர்' என்பதும் இதே அவசரம்தான். காமன்வெல்த் நாடுகள் தமக்குள் பிற்காலத்தில் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஃபிஜி கவர்னராகவும் ஹை கமிஷனராகவும் இருந்த ஆர்தர் கோர்டன் யாரிடமும் தூது போகவில்லை. அவருக்கு 'உயர் ஆணையர்' போதும்.