நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி பில்லும் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும் கேளுங்க

எங்க தெருவுல ஒரு அக்கா, பையன் பத்தாவதுல நல்லா மார்க் எடுத்தான்னு ஆசையா ஒரு லேப்ரடார் குட்டி வாங்கிக் கொடுத்தாங்க. 18,000 ரூபா. வித்தவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல வச்சு அட்டைப்பெட்டியோட கையில கொடுத்துட்டு பைக்ல கிளம்பிட்டார். மூணாவது நாள் குட்டி தட்டை மோந்து பார்த்துட்டு திரும்பிப் படுத்துக்கிச்சு. நாலாவது நாள் வாந்தி, அப்புறம் ரத்தமா பேதி. டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம், பார்வோன்னு சொன்னார், குட்டிகளைக் கொல்ற வைரஸ் நோய். வாயைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "கடவாப்பல் இன்னும் முழுசா வரலயேம்மா, 40 நாள் கூட ஆகியிருக்காதே"ன்னார். வித்தவர் சொன்னது 58 நாள். ஆறாவது நாள் விடியக்காலையில குட்டி போயிடுச்சு.

அதுக்கப்புறம் அந்த அக்காவோட நானும் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன். இதுக்கு ரூல் இல்லாம இல்ல, 2017-லயே வந்தாச்சு, ஆனா வாங்குற நமக்கும் தெரியல, கவுன்ட்டர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கும் தெரியல. அதனாலதான் எழுதுறேன்.

சுருக்கமா சொல்லிடுறேன். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ 2017 மே மாசம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனைக்குன்னு தனியா விதிகள் போட்டுச்சு. நாய் வளர்த்து குட்டி விக்கிற எவரும் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணணும், அந்த சர்டிபிகேட்டை நாய் வச்சிருக்கிற இடத்துல கண்ணுல படுற மாதிரி மாட்டணும். 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. தடுப்பூசி போட்டிருக்கணும், தோலுக்கு அடியில வைக்கிற அடையாள மைக்ரோசிப் இருக்கணும், ரசீது கொடுக்கணும். பின்னணி இவ்வளவு போதும், ஏன்னா ஏமாத்துறது எல்லாம் இதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

முதல்ல எல்லாரும் விழுற குழி, "கேசிஐ பேப்பர் இருக்கு சார்". கென்னல் கிளப் ஆஃப் இந்தியாங்கிறது ஒரு கிளப். அவங்க தர்ற பேப்பர் குட்டியோட வம்சாவளியைச் சொல்லும், அப்பன் யாரு ஆத்தா யாருன்னு. அரசாங்கப் பதிவு அது இல்ல, குட்டி ஆரோக்கியமா இருக்குங்கிறதுக்கும் அது சாட்சி இல்ல. பேப்பரைக் காட்டினதும் நம்ம மனசு அடங்கிடுது, அடுத்த கேள்வி கேக்க வாய் வர மாட்டேங்குது. கேளுங்க. "வாரியத்துல பதிவு பண்ண நம்பர் என்ன, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்?" இந்தப் பதிவு 2 வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால பழைய சர்டிபிகேட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புனா தேதியை பெருசாக்கிப் பாருங்க. அட்ரஸையும் பாருங்க, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா பதிவு வேணும், இன்னொருத்தர் பேருக்கு மாத்தவும் முடியாது. மச்சான் பேர்ல இருக்கு, பார்ட்னர் பேர்ல இருக்குன்னு சொன்னா அது செல்லாது.

இரண்டாவது, "நாங்க ஹோம் ப்ரீடர்ங்க, வீட்டுல ஒரே ஒரு பொட்டைதான், எங்களுக்கு இதெல்லாம் தேவையில்ல". தேவை. வித்தா பதிவு வேணும்னுதான் விதி சொல்லுது, இத்தனை நாய்க்கு மேல இருந்தாத்தான்னு அதுல எங்கயும் கணக்கு இல்ல. புரோக்கரும் தப்பிக்க முடியாது, வாங்கி விக்கிறவரையும் இடையில கைமாத்தி விடுறவரையும் சேர்த்துத்தான் விதியில ப்ரீடர்னு எழுதியிருக்கு. அந்த அக்காவுக்கு வித்தவர், "நான் ப்ரீடர் இல்ல, நடுவுல வாங்கிக் கொடுத்தேன், அவ்ளோதான்"னு போன்ல சொன்னப்ப எங்களுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா அங்கயே பிடிச்சிருப்போம்.

வயசுல நடக்குற பொய்தான் குட்டியோட உயிரை வாங்குது. 30, 35 நாள்ல வித்துட்டா அவங்களுக்கு தீனிச் செலவும் ஊசிச் செலவும் மிச்சம், அதோட குட்டி எவ்வளவுக்கு எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு நமக்கு ஆசை வருது. 8 வாரக் குட்டிக்கு பால்பல் பெரும்பாலும் முழுசா வந்திருக்கும், உதட்டைத் தூக்கி பின்பக்கம் வரைக்கும் பாருங்க. ஊசி புக்கைக் கையில வாங்கிப் பாருங்க. மருந்து பாட்டில்ல இருந்து உரிச்சு ஒட்டின ஸ்டிக்கர், அதுல பேட்ச் நம்பர், பக்கத்துல டாக்டரோட கையெழுத்து, ரிஜிஸ்டர் நம்பர் போட்ட சீல், இது மூணும் இருக்கணும். பேனாவுல தேதி மட்டும் எழுதியிருந்தா அது ஊசி புக்கே இல்ல. "எல்லா ஊசியும் போட்டாச்சு, ரேபிஸ் உட்பட"ன்னு 45 நாள் குட்டியைக் காட்டிச் சொன்னா எழுந்து வந்துடுங்க, ரேபிஸ் ஊசி வழக்கமா 3 மாசம் வாக்குலதான் போடுவாங்க.

மைக்ரோசிப்னா 15 இலக்க நம்பர். புக்குல நம்பர் எழுதியிருந்தா மட்டும் போதாது, ரீடரை வச்சு தோள்பட்டை நடுவுல தேய்ச்சா அதே நம்பர் வரணும். ரீடர் இல்லன்னா, "டாக்டர்கிட்ட போய் ஸ்கேன் பண்ணிட்டு மீதிக் காசு தர்றேன்"னு சொல்லுங்க, ஒழுங்கான ஆள் இதுக்கு கோவப்பட மாட்டார். இன்னொண்ணு, 6 மாசம் தாண்டின நாயை கருத்தடை பண்ணாம விக்கக் கூடாது, பதிவு பண்ண இன்னொரு ப்ரீடருக்கு விக்கிறதா இருந்தாத்தான் விதிவிலக்கு. "பாதி விலைக்கு 9 மாச ஹஸ்கி, நாளைக்கே மேட்டிங் விடலாம்"னு வர்ற விளம்பரம் எல்லாம் இதை மீறித்தான் வருது.

ரோட்டோரத்துல, சந்தையில கூண்டுல வச்சு அப்பவே விக்கிறதும் விதிப்படி கூடாது. கொஞ்சுறதுக்காகக் கூட அங்க கையை நீட்டாதீங்க, பார்வோ கைல, துணியில, செருப்புல ஒட்டிக்கிட்டு வீட்டுல இருக்கிற குட்டிக்கு வந்துடும்.

பில் விஷயத்துக்கு வர்றேன். எனக்கு இதுல வெறுத்துப் போற அளவுக்கு அனுபவம். ரசீது கொடுக்கிறது வித்தவரோட கடமை. என்ன தீனி, எந்தத் தேதியில ஊசி, எப்ப பூச்சி மருந்து, எந்த டாக்டர் பார்த்தார்னு எழுத்துல கொடுக்கிறதும் கடமைதான், விதியிலயே இருக்கு. ஆனா பில் கேட்டா, "நாய்க்கு யாருண்ணே பில் போடுறாங்க"ன்னு சிரிக்கிறாங்க. பில் இல்லாம எந்த ஆபீஸ் போனாலும் முதல் கேள்வி, "என்ன ப்ரூஃப்?" நாங்க முதல்ல ஸ்டேஷனுக்குப் போனோம், இது சிவில் மேட்டர்னாங்க. கால்நடை ஆஸ்பத்திரியில கேட்டோம், எங்க வேலை வைத்தியம்னாங்க. உள்ளாட்சி ஆபீஸ்ல, நாய் வளர்க்கிறவங்களுக்குத்தான் நாங்க லைசென்ஸ் தர்றோம், விக்கிறவங்க எங்க லிமிட்ல வரமாட்டாங்கன்னாங்க. ஒருத்தர் விலங்குகள் நல வாரியம்னு சொல்லி மத்திய வாரியத்தோட பழைய சென்னை அட்ரஸை எழுதிக் கொடுத்தார், அந்த வாரியம் 2018-லயே ஹரியானாவுக்குப் போயாச்சு. ப்ரீடர் பதிவைப் பார்க்க வேண்டியது மாநில வாரியம், தமிழ்நாட்டுல அது கால்நடை பராமரிப்புத் துறை பக்கம் வருது. இந்த ஒரு வரியைச் சொல்ல ஒருத்தர் கூட இல்லாம அந்த அக்கா நாலு நாள் லீவு போட்டாங்க.

அதனால நீங்க அலையாதீங்க, இப்படிப் பண்ணுங்க. குட்டிக்கு முடியாம போன அன்னைக்கே டாக்டர்கிட்ட தேதி, அவர் கணிச்ச வயசு, டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் எழுத்துல வாங்கிடுங்க, செத்ததுக்கு அப்புறம் போய் கேட்டா எழுதித் தரத் தயங்குவாங்க. வித்தவர் பேசின வாய்ஸ் மெசேஜ், போட்ட விளம்பரம் எல்லாத்தையும் அன்னைக்கே சேவ் பண்ணுங்க, சண்டை போட்டதும் முதல் வேலையா அதைத்தான் அழிப்பாங்க. மாநில வாரியத்துக்கு 10 ரூபா கட்டி ஒரு ஆர்டிஐ போடுங்க, "இந்தப் பேர்ல, இந்த அட்ரஸ்ல ப்ரீடர் பதிவு இருக்கா, எப்ப இன்ஸ்பெக்‌ஷன் பண்ணீங்க?"ன்னு ரெண்டே கேள்வி. 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். "பதிவு இல்லை"ன்னு அவங்க லெட்டர்ஹெட்ல வர்ற ஒரு வரி, நாம பத்து ஆபீஸ்ல தொண்டை கிழியப் பேசுறதை விட வேலை செய்யும். அந்த லெட்டரோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்துல மனு கொடுத்து நம்பர் வாங்குங்க. ஸ்டேஷன்ல புகார் கொடுத்தா சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு, வாங்காம வெளிய வராதீங்க. அட்வான்ஸ் வாங்கிட்டு குட்டியே அனுப்பாம போனை ஆஃப் பண்ணிட்டாங்கன்னா அது வேற கேஸ், யோசிக்காம சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் போடுங்க, அதுல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

தண்டனையை நம்பி மட்டும் இறங்காதீங்க. இந்த விதியை மீறினா அபராதம் அதிகபட்சம் 100 ரூபா, இல்லன்னா 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். 1960-ல எழுதின தொகை இன்னும் அப்படியே கிடக்கு. 18,000-க்கு குட்டி விக்கிறவருக்கு 100 ரூபா எந்த மூலைக்கு? பணம் திரும்ப வரணும்னா நுகர்வோர் கமிஷன்தான் வழி. வாங்கின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயே போடலாம், வித்தவர் எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், 2 வருஷத்துக்குள்ள போடணும். வழி தெரியலன்னா நுகர்வோர் உதவி எண் 1915-ல கேளுங்க.

இப்ப வீட்டுல குட்டி போட வைக்க நினைக்கிறவங்களுக்கு. பதிவுக்கு ஃபீஸ் 5,000 ரூபா, திரும்பி வராது, அதனால இடத்தை முதல்ல சரி பண்ணிட்டு அப்ளை பண்ணுங்க, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருவாங்க. கொடுத்த அப்ளிகேஷன் காப்பியில சீல் வாங்கி வைங்க, "உங்க ஃபைல் இங்க வரவே இல்லையே"ன்னு ஒரு நாள் சொல்லுவாங்க. பொட்டைக்கு 18 மாசம் ஆகாம மேட்டிங் கூடாது, 8 வயசுக்கு மேல கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, ஆயுசுக்கே மொத்தம் 5 ஈத்துதான். கூடப் பிறந்ததுகளை ஒண்ணோட ஒண்ணு சேர்க்கக் கூடாது. இதெல்லாம் அதிகம்னு தோணுதுன்னா ஆறாவது ஈத்து முடிஞ்சு வயிறு தரையில இழைய கூண்டு மூலையில நிக்கிற ஒரு தாய் நாயைப் போய்ப் பாருங்க. நான் பார்த்திருக்கேன், கூப்பிட்டா வாலைக் கூட ஆட்டல.

குட்டியை யாருக்குக் கொடுக்கிறோம்ங்கிறதுலயும் பொறுப்பு இருக்கு. வித்த குட்டி எப்படி இருக்குன்னு வருஷத்துக்கு ஒரு தடவையாவது விசாரிக்கணும்னு விதியே சொல்லுது, யாரும் பண்றதில்ல. வாங்க வர்றவங்ககிட்ட, "பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க, வாடகை வீடுன்னா ஓனருக்குத் தெரியுமா, இதுக்கு முன்னாடி வளர்த்த நாய் என்ன ஆச்சு?"ன்னு கேளுங்க. காலைல 8 மணிக்குப் பூட்டிட்டு ராத்திரி வர்ற வீட்டுக்கு ஜெர்மன் ஷெப்பர்டைக் கொடுத்தா மூணே மாசத்துல அது தெருவுலதான் நிக்கும். எது காரணமா இருந்தாலும் வளர்க்க முடியலன்னா எனக்கே திருப்பிக் கொடுத்துடுங்கன்னு பில்லுலயே ஒரு வரி எழுதிக் கொடுங்க.

அந்த அக்கா கேஸ் இப்ப கமிஷன்ல நம்பர் ஆகியிருக்கு. பில் கிடையாது. காப்பாத்தினது என்னன்னா, ஜிபே-ல பணம் அனுப்புறப்போ அவங்க பையன் நோட்ல "லேப் பப்பி 58 நாள்"னு டைப் பண்ணியிருந்தான். அதை பிரிண்ட் எடுத்து டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோட சேர்த்துப் போட்டிருக்கோம். நீங்களும் பணம் அனுப்புறப்போ அந்த நோட்டை வெறுமையா விடாதீங்க, இனம், வயசு, வித்தவர் பேர் மூணையும் அடிச்சுட்டு அனுப்புங்க.