கரிச்சான் இருக்கும் இடத்தில் கூட்டம் இருக்கும்

பெங்களூரில் சனி, ஞாயிறு பறவை பார்க்கப் போகும் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "பி.ஆர். ஹில்ஸ் (கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலை) வரைக்கும் போனோம், ரெண்டு மணி நேரம் ஒரு குருவி கண்ணுல படலை. அப்புறம் திடீர்னு ஒரே மரத்துல பத்து வகை. எதைப் பார்க்கிறதுன்னே தெரியலை!"

இதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய வேலை இல்லை. மலைக்காட்டில் பூச்சி தின்னும் சிறு பறவைகள் பல, இனம் பார்க்காமல் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடியபடியே நகரும். கூட்டம் நம் பக்கம் வராதவரை காடு காலியாகத்தான் தெரியும்.

ஏன் சேர்கின்றன? முதல் காரணம் வல்லூறு. இலையைப் புரட்டிப் புழு தேடும் பறவை அடிக்கொரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும். கூட்டத்தில் காவலுக்குக் கண்கள் அதிகம் என்பதால், தலை தூக்கும் நேரம் குறைந்து தின்னும் நேரம் கூடுகிறது. அப்படியே வல்லூறு பாய்ந்தாலும் மாட்டப்போவது தானாக இருக்கும் வாய்ப்பு குறைவு. சரி, தன் இனத்தோடு மட்டும் சேர்ந்தால் போதாதா? ஒரே இனம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்து இரைதான் வேண்டும், அடிதடி வரும். பசையெடுப்பான் மரப்பட்டையில் தலைகீழாக இறங்கும், மின்சிட்டு உச்சிக் கிளையில் மேயும், சிலம்பன்கள் கீழே புதரைக் கிளறும். பங்காளிச் சண்டைக்கு அங்கே அதிக இடமில்லை.

இந்தக் கூட்டத்தில் நான் தேடுவது துடுப்புவால் கரிச்சானைத்தான். ஊரில் மின்கம்பியில் உட்காரும் இரட்டைவால் குருவிக்குச் சொந்தம், ஆனால் உருவில் பெரியது. வாலின் இரண்டு ஓர இறகுகளும் வெறும் நரம்பாக நீண்டு, நுனியில் மட்டும் மடல் விரிந்திருக்கும். பறக்கும்போது நரம்பு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கருவண்டுகள் அதை விடாமல் துரத்துவதுபோல் இருக்கும்.

மற்றவை கிளறும்போது தப்பிப் பறக்கும் பூச்சிகளைக் கரிச்சான் அந்தரத்திலேயே பிடித்துக்கொள்ளும். அதனால் கூட்டம் கலையாமல் இருப்பது அதற்கு லாபம். அதற்காக அது செய்யும் வேலைதான் வியப்பு: மற்ற இனங்களின் குரலில் கூப்பிடுகிறது. இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில், இதன் நெருங்கிய உறவான கரிச்சானை சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் ஆராய்ந்து, 2006ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கரிச்சானின் சொந்தக் குரலை மட்டும் ஒலிபரப்பியபோது வந்ததைவிட, பிற இனங்களின் குரலைப் போலச் செய்த பகுதிகளும் கலந்து ஒலிபரப்பியபோது அதிகப் பறவைகள் வந்தன. இன்னொன்று, எந்தக் குரலை எப்போது எடுப்பது என்பதிலும் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிதானமாகப் பாடும்போது மற்றவற்றின் பாட்டையும் பேச்சுக் குரலையும் எடுக்கும். ஆபத்து நேரத்தில் அவற்றின் எச்சரிக்கைக் குரலையும், வேட்டைப் பறவைகளின் குரலையுமே எடுக்கும்.

காவல்காரன் திருடனாவதும் உண்டு. ஆப்பிரிக்காவின் கலஹாரியில் வாழும் இன்னொரு கரிச்சான், ஆபத்தே இல்லாதபோது எச்சரிக்கைக் குரல் கொடுத்து, மற்றவை போட்டுவிட்டு ஓடும் இரையைத் தூக்கிக்கொள்ளும். அன்றாடத் தீனியில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு இப்படிக் கிடைப்பதாக ஆய்வாளர் டாம் ஃபிளவர் கண்டறிந்தார். ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் எடுபடாது என்பதால் குரலை வேறு மாற்றுமாம்! இருந்தும் மற்றவை அதை ஒதுக்குவதில்லை. பெரும்பாலான நேரம் அது சொல்வது உண்மை, உண்மையான எச்சரிக்கையை அலட்சியம் செய்தால் உயிர் போகும்.

ஆகவே பறவைப் பட்டியலை நிரப்பக் காட்டோரம் வேகவேகமாக நடப்பதில் பயன் குறைவு என்பேன். வெள்ளி இரவு கொள்ளேகாலில் தங்கி, காலையில் எலந்தூர் வழியாக பி.ஆர். ஹில்ஸுக்குப் போங்கள். அது புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் உள்ளே நடக்க முடியாது. அனுமதித்த இடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரே கிளையிலிருந்து நாலைந்து பறவைகளின் குரல் மாறி மாறி வந்தால் அங்கேயே நில்லுங்கள். கோடையில் கூடு கட்டும் வேலை தொடங்கினால் ஒவ்வொரு ஜோடியும் தன் இடத்தோடு நின்றுவிடும், கூட்டம் மெலிந்துபோகும். வடக்கிலிருந்து வலசை வரும் கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் சேர்ந்துகொள்ளும் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இதற்கு நல்ல காலம்.