கீ டேட்டாபேஸ்: நம்ம ஊர் பெட்டகந்தான்

எங்க அப்பத்தா இடுப்புல எப்பவும் ஒரு கொத்துச் சாவி தொங்கும், முகப்புக் கதவுச் சாவியே ஒரு சாண் இருக்கும், ஆனா நகை இருக்குற பெட்டகத்துச் சாவி அந்தக் கொத்துல கெடையாது, அது எங்க இருக்குன்னு அப்பச்சிக்கே தெரியாது. வெப்சர்வர் வேலைக்கு வந்து 'கீ டேட்டாபேஸ்'னு கேள்விப்பட்டப்ப எனக்கு அந்தப் பெட்டகந்தான் ஞாபகம் வந்துச்சு.

விஷயம் இதான். சர்வரோட தனிச்சாவி (ப்ரைவேட் கீ, வெளிய விடக்கூடாத ரகசியம்), அதுக்கு வாங்குன சான்றிதழ் (இந்த சர்வர் யாருன்னு பிரவுசருக்குக் காட்டுறது), அதுல கையெழுத்துப் போட்டவங்களோட சான்றிதழ், எல்லாத்தையும் உள்ள வச்சு மேல பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுறது. (கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்தாத்தான் நகரத்தார்ல செல்லும், அது மாதிரி கையெழுத்துப் போட்டவர பிரவுசருக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் சான்றிதழ் செல்லும்.) ஜாவாக்காரங்க இதையே கீஸ்டோர்ம்பாங்க, கீடூல்னு ஒரு கமாண்டு வச்சு உண்டாக்குவாங்க. மொசில்லாவோட என்எஸ்எஸ்ங்கிற பாதுகாப்பு மென்பொருள்ல அந்தக் கமாண்டு சர்ட்யூட்டில், அது சான்றிதழுக்கு ஒரு ஃபைல் சாவிக்கு ஒரு ஃபைல்னு பிரிச்சே வைக்கும். ஐபிஎம் எச்டிடிபி சர்வர்ல கேடிபி (.kdb) ஃபைல்.

இப்ப தமிழுக்கு வருவோம். நேரா மொழிபெயர்த்தா 'திறவுகோல் தரவுத்தளம்'. திறவுகோல் சரி, தொறக்குற கோல், பழைய பூட்டுச் சாவி உண்மையிலயே கோல் மாதிரிதான் இருக்கும். நாம தெனம் சொல்ற 'சாவி' போர்ச்சுகீசு 'சாவே'லேருந்து வந்தது, ஜன்னலும் அலமாரியும் வந்த அதே வழி. அதுக்காக சாவிய இப்ப வெளிய போன்னா போகுமா? எனக்கு இடிக்கிறது 'தரவுத்தளம்'தான். தளம்னா வெட்டவெளியா வளவு மாதிரி யாரும் நடந்து போற எடம்னு தோணுது, பூட்டி வைக்கிற அர்த்தமே அதுல இல்ல. பெட்டகம்னு சொல்லிப் பாருங்க, பூட்டு தானா கண்ணுக்கு வந்துரும். அதனால எழுத்துல திறவுகோல் பெட்டகம், பேச்சுல சாவிப்பெட்டகம், இது என் கட்சி.

கூடவே 'ஸ்டாஷ்'னு ஒரு சொல் வரும். சர்வர் ராத்திரி தானா ரீஸ்டார்ட் ஆனா பாஸ்வேர்டு அடிக்க ஆள் இருக்காதுல்ல, அதுக்காக பாஸ்வேர்டை உருமாத்தி எஸ்டிஎச்னு (.sth) பக்கத்துலயே இன்னொரு ஃபைல்ல ஒளிச்சு வைக்கிறது. 'மறைகோப்பு'ன்னு சொல்லலாம். கேடிபி உண்டாக்கும்போதே அந்த ஆப்ஷனையும் சேத்துக் குடுத்துடுறது நல்லது, நான் ஒருதடவ மறந்துட்டு விடிய விடிய சர்வர் ஏன் எந்திரிக்கலன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா ஒளிச்சு வச்சதுதான், பூட்டி வச்சது இல்ல, ரெண்டு ஃபைலும் ஒருத்தன் கைல கெடச்சா தொறந்துருவான், அதனால சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத முடியுற மாதிரி சிஎச்மாட் (chmod) 600 போட்டு வைங்க.

அப்பத்தா போனப்புறம் அந்தப் பெட்டகத்த ஆசாரியக் கூப்பிட்டுத்தான் ஒடச்சுத் தொறந்தோம். மறைகோப்பும் இல்லாம பாஸ்வேர்டும் மறந்துபோன கேடிபிக்கு எந்த ஆசாரியக் கூப்பிடுறது, புதுசா ஒன்னு செஞ்சு புதுச் சான்றிதழ் வாங்க வேண்டியதுதான்.