பதிவு எண் இருந்தால் போதுமா? நன்கொடை தருகிறவர்களுக்கு ஓர் ஆடிட்டர் எழுதுவது

"ரெஜிஸ்டர் பண்ணின டிரஸ்ட்தான் சார், கவர்மெண்ட் நம்பர் எல்லாம் இருக்கு." நன்கொடை கொடுப்பதற்கு முன் விசாரித்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்கிறார்கள். "டிரஸ்ட்னாலே கறுப்பை வெள்ளையாக்கத்தானே" என்று கையை உதறிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அறக்கட்டளைகளின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழிலின் பெரும்பகுதி என்பதால் இந்த இரண்டு பேச்சையும் வருடம் முழுக்கக் கேட்கிறேன். முதல் வகையினர் கணக்குக் கேட்பதில்லை, அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது என்று நம்புகிறார்கள். இரண்டாம் வகையினரும் கேட்பதில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற வெறுப்பு அவர்களுக்கு. இதில் அதிகம் அடிபடுவது நேர்மையாக நடத்துகிறவர்கள்தான்.

முதலில் அந்தப் பதிவு எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தொண்டு நிறுவனம் ஆரம்பிக்க மூன்று வழிகள் உண்டு. அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கமாகப் பதியலாம். அல்லது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாப நோக்கமில்லாத கம்பெனி ஆரம்பிக்கலாம். நீங்கள் பார்க்கும் முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், அன்னதான டிரஸ்ட் எல்லாம் பெரும்பாலும் முதல் வகை. அந்த முதல் வகையில்தான் கண்காணிப்பு மிகக் குறைவு.

சார்பதிவாளர் பத்திரம் முறையாக எழுதப்பட்டிருக்கிறதா, முத்திரைத் தீர்வை சரியா, கையெழுத்துப் போடுகிறவர்கள் யார் என்று பார்ப்பார். பதிந்து கொடுத்தவுடன் அவர் வேலை முடிந்தது. அடுத்த வருடம் அந்த டிரஸ்ட் என்ன செய்தது என்று அவர் கேட்கப்போவதில்லை, அது அவர் பொறுப்பும் இல்லை. 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். அது தனியார் அறக்கட்டளைகளுக்கானது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பொது அறக்கட்டளைகளுக்கென்றே அறநிலைய ஆணையர் இருக்கிறார், அவரிடம் ஆண்டுதோறும் கணக்கு போக வேண்டும். தமிழ்நாட்டில் இந்து கோயில்களுக்கும் அவற்றோடு சேர்ந்த கட்டளைகளுக்கும் அறநிலையத் துறை உண்டு. மற்றபடி ஒரு பொது அறக்கட்டளையை வருடாவருடம் கூப்பிட்டுக் கேள்வி கேட்க இங்கே தனி அதிகாரி கிடையாது. படித்தவர்கள், தொழிலதிபர்கள் கூட இதைக் கேட்டதும் நம்ப மறுக்கிறார்கள்.

"அப்ப தப்பு நடந்தா யார்கிட்ட போறது?" என்று கேட்கிறார்கள். நீதிமன்றத்துக்குப் போகலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவுப்படி, ஒரு பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குத் தொடரலாம். டிரஸ்டியை நீக்கச் சொல்லலாம், கணக்கை ஒப்படைக்கச் சொல்லலாம், அறக்கட்டளையை நடத்தப் புதிய திட்டம் வகுக்கச் சொல்லலாம். இதற்கு நம் ஊரிலேயே பழைய முன்னுதாரணம் உண்டு. பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டு 1794-இல் மறைந்தார். பணம் வருடக்கணக்கில் வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. அன்றைய அட்வகேட் ஜெனரல் தலையிட்டு, சென்னையில் அப்போதிருந்த உச்ச நீதிமன்றம் 1832-இல் ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்த பிறகே அந்தச் சொத்து உருப்படியான வேலைக்கு வந்தது. 1842-இல் பள்ளி தொடங்கினார்கள், பின்னாளில் அது கல்லூரியாக வளர்ந்தது. தர்மம் செய்தவர் போன பிறகு யாராவது விடாமல் கேட்டால்தான் தர்மம் நடக்கும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. ஆனால் மாதம் 500 ரூபாய் கொடுக்கும் ஒருவர் வக்கீல் வைத்து 92-ஆம் பிரிவில் வழக்குப் போடுவாரா? மாட்டார். சட்டத்தில் வழி இருக்கிறது, சாதாரண ஆளுக்கு அது எட்டாத தூரத்தில் இருக்கிறது.

வருமான வரித்துறை பார்க்கிறதே என்பது அடுத்த கேள்வி. பார்க்கிறது, ஆனால் வரியின் கண்ணால் பார்க்கிறது. டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்கு தருவது 12ஏ பதிவு. நன்கொடை தருகிறவருக்குச் சலுகை தருவது 80ஜி. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆனாலும் பழக்கத்தில் எல்லோரும் 12ஏ, 80ஜி என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். 2021 வரை இந்தப் பதிவை ஒருமுறை வாங்கினால் பெரும்பாலும் நிரந்தரம். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று மாற்றினார்கள், 2025-இல் சிறிய டிரஸ்டுகளுக்கு மட்டும் 12ஏ பதிவைப் பத்து வருடமாக்கினார்கள். நல்ல மாற்றம்தான். பெயரளவில் மட்டும் இருந்த பல டிரஸ்டுகள் புதுப்பிக்க முடியாமல் விழுந்தன. பதிவு தரும்போது செயல்பாடு உண்மையா என்று ஆவணம் கேட்பார்கள், விதிமீறல் தெரிந்தால் ரத்து செய்யவும் முடியும். வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்கிறதா, டிரஸ்டியின் குடும்பத்துக்குப் பணம் போயிருக்கிறதா என்பதையெல்லாம் தணிக்கை அறிக்கையில் நாங்கள் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அரிசிக் கடை பில் சரியாக இருக்கிறதா, பணம் வங்கி வழியாகப் போயிருக்கிறதா என்பதை நான் பார்க்க முடியும். அந்த அரிசி உலைக்குப் போனதா என்பதை மார்ச் முடிந்து சில மாதம் கழித்து வரும் ஆடிட்டர் எப்படிப் பார்ப்பது? இல்லத்துக்கு அடிக்கடி போய் வருகிற பக்கத்துத் தெருக்காரருக்கு என்னை விட அது நன்றாகத் தெரியும். எங்கள் கையெழுத்தை அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

80ஜி பற்றிப் பெரிய தவறான எண்ணம் ஒன்றும் இருக்கிறது. கொடுத்த பணம் அப்படியே வரியில் திரும்பிவிடும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அதுவும் உங்கள் வருமானத்திலிருந்து. 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய் வருமானத்தில் குறையும், 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 1,000 ரூபாயும் சொச்சமும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே இல்லை. அரிசி மூட்டையாகவோ துணியாகவோ கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. சம்பளக்காரர்களில் பலர் இப்போது புதிய முறைக்குப் போய்விட்டதால், "எனக்குத்தான் சலுகை இல்லையே, ரசீது எதுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து ரசீது வாங்குங்கள். 2021-22 முதல் ஒவ்வொரு நன்கொடையாளர் பெயரிலும் டிரஸ்ட் வருமான வரித்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும், பிறகு துறையின் தளத்திலிருந்து எடுத்த சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும். 10பிடி, 10பிஇ என்று எங்கள் வட்டாரத்தில் பழகிப்போன படிவங்கள் இவைதான். அந்தச் சான்றிதழ் உங்கள் கைக்கு வந்தால் உங்கள் பணம் அவர்கள் கணக்கில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சலுகை கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு தகவல் உங்களுக்கு வேண்டும்.

இனி என்னை அதிகம் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பணம் கொடுக்கும்போது மக்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே ஒன்று: "நான் கொடுக்கிறது முழுசா பிள்ளைங்களுக்குப் போகுமா, இல்ல சம்பளத்துக்குப் போகுமா?"

மனவளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கான ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சேவை என்பதே சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் ஆயா. செலவில் முக்கால்வாசி சம்பளமாக இருந்தால்தான் அந்தப் பள்ளி ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். முதியோர் இல்லத்தில் ராத்திரி விழித்திருக்க நர்ஸ் வேண்டும். இவர்களுக்குச் சம்பளம் தரக்கூடாது என்றால் பிறகு யார் பார்ப்பது? ஆனால் நன்கொடையாளர் சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார். அதனால் நல்ல டிரஸ்டுகள் கூட ஆயா சம்பளத்தை "குழந்தைகள் பராமரிப்பு" என்ற தலைப்பிலும், கணக்கு எழுதுகிறவர் சம்பளத்தை "திட்டச் செலவு" என்ற தலைப்பிலும் தள்ளிக் காட்டப் பார்க்கிறார்கள். முதலாவதை நான் ஏற்பேன். இரண்டாவதை மாற்றச் சொன்னால், "உண்மையை எழுதினா அடுத்த வருஷம் யாரும் தர மாட்டாங்க சார்" என்கிறார்கள். நேர்மையாக நடக்கிறவரைப் பொய்க்கணக்கின் பக்கம் தள்ளுவது நம்முடைய இந்த ஒரு கேள்விதான்.

இதே மனநிலையின் இன்னொரு முகம் பிறந்தநாள் சாப்பாடு. இல்லங்களின் நாட்காட்டியைப் பார்த்தால் ஞாயிறு மதியம், அமாவாசை, தலைவர் பிறந்தநாள் எல்லாம் மாதக்கணக்கில் முன்பதிவாகியிருக்கும். ஒரே வாரத்தில் மூன்று முறை பிரியாணியும் கேசரியும். மின்கட்டணத்துக்கோ, கழிப்பறை பழுது பார்ப்பதற்கோ, வார்டன் பி.எஃப். கட்டுவதற்கோ ஆள் கிடைப்பதில்லை. கேக் வெட்டும்போது காப்பகக் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் பாட்டுப் பாடச் சொல்லி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அது எனக்குத் தாங்கவே முடியாத காட்சி. அன்பாகத்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி படமோ விவரமோ வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். நல்ல இல்லம் போட்டோ எடுக்க விடாது. அப்படி மறுத்தார்கள் என்பதற்காகக் கோபித்துக்கொண்டு நன்கொடையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனங்களின் கதை வேறு. அங்கே கட்டுப்பாடு மிகக் கடுமை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த நன்கொடை அனைத்தும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. வாங்கிய பணத்தை இன்னொரு சிறு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை வந்தது. பெரிய நிறுவனத்தின் கையைப் பார்த்துக் கிராமத்தில் வேலை செய்துகொண்டிருந்த சிறு அமைப்புகளுக்கு அதோடு கதவு மூடியது. இவ்வளவு கெடுபிடி செய்த அரசு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவை இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற விதியை 2022 ஜூலையில் நீக்கியது. உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருந்த ஆண்டறிக்கைகளும் எடுக்கப்பட்டன. அதிகாரிக்கு எல்லாம் தெரிகிறது, பணம் கொடுத்தவருக்கும் ஊர்மக்களுக்கும் தெரிவதில்லை. கட்டுப்பாடு என்ற பெயரில் நடப்பது பல சமயம் இதுதான்.

இங்கிலாந்தில் தொண்டு நிறுவனங்களுக்கான ஆணையம் 1853-இல் வந்தது. லண்டனில் நம்மவர்கள் நடத்தும் பல கோயில்கள் கூட அதில் பதிவானவை. பெயரைத் தட்டினால் சில வருடக் கணக்கு, டிரஸ்டிகள் பெயர், 60,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பது வரை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கேயும் மோசடி நடக்கிறது, ஆனால் சந்தேகப்படுகிறவர் சரிபார்க்க ஓர் இடம் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். புதுப் படிவங்கள் வேண்டாம், இப்போது கொடுக்கிற கணக்கையே பொதுவில் வைத்தால் போதும்.

அதுவரை உங்களால் முடிந்ததைச் செய்யலாம். 80ஜி எண்ணை ரசீதில் பார்த்தால் போதாது, வருமான வரித்துறையின் தளத்தில் விலக்கு பெற்ற நிறுவனங்களைத் தேடும் வசதி இருக்கிறது, அங்கே பாருங்கள். பணத்தை டிரஸ்டின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். நிர்வாகியின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கின் நகலைக் கேளுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள். அதில் சம்பளத்தைப் பார்த்து மிரளாமல், டிரஸ்டிகளுக்குக் கடன் போயிருக்கிறதா, அவர்கள் வீட்டுக் கட்டிடத்துக்கு வாடகை போகிறதா, வந்த பணம் செலவாகாமல் வருடாவருடம் சேர்ந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். 8-ஆம் பிரிவுக் கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி நீங்களே கணக்கைப் பார்க்கலாம். அரசு நிதியில் பெருமளவு நடக்கும் தொண்டு நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டமும் பொருந்தும், 2019-இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. "செக் கொடுங்க, கமிஷன் போக ரொக்கமா திருப்பித் தர்றோம்" என்று யாராவது வந்தால் அது வரி ஏய்ப்பு, நீங்களும் அதில் குற்றவாளி.

குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் 80ஜி-க்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் பதிவு செய்திருக்கிறார்களா? டிரஸ்ட் பத்திரம் வேறு, இந்தப் பதிவு வேறு. இது இல்லாமல் ஆதரவற்ற குழந்தைகளை வைத்திருப்பதே தண்டனைக்குரியது. சான்றிதழைக் காட்ட மறுத்தாலோ, குழந்தைகளைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வந்தாலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் சொல்லுங்கள், அல்லது 1098-க்கு அழையுங்கள்.