மேல் தட்டு டம்ளரில் மட்டும் காபிக் கறை ஏன்?

"டிஷ்வாஷரில் கீழே வைக்கும் கடாயும் குக்கரும் பளபளக்கின்றன. மேல் தட்டு டம்ளர்களில் மட்டும் காபிக் கறை அப்படியே இருக்கிறது. சோப்பை மாற்றலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். போன மாதம் எங்கள் வீட்டிலும் இதே கதை. வந்த சர்வீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மோட்டாரை மாத்தணும் சார்" என்றார். கடைசியில் பார்த்தால் குற்றவாளி ஒரு சீரகம்.

டிஷ்வாஷருக்குள் தேய்க்கும் நாரோ பிரஷ்ஷோ கிடையாது. 1886இல் அமெரிக்காவின் ஜோசபின் காக்ரேன் காப்புரிமை பெற்ற இயந்திரமே தண்ணீரின் வேகத்தை நம்பியதுதான். அடியில் தேங்கும் மூன்று, நான்கு லிட்டர் தண்ணீரையே பம்ப் திரும்பத் திரும்ப உறிஞ்சி, இரண்டு ஸ்ப்ரே ஆர்ம்களுக்கு, அதாவது சுழன்றபடி தண்ணீரைப் பீய்ச்சும் துளையிட்ட கைகளுக்கு, அனுப்புகிறது. ஒன்று கீழே, மற்றது மேல் தட்டுக்கு அடியில்.

அந்த ஆர்மைச் சுழற்றுவது எது? மோட்டார் இல்லை, பல்சக்கரமும் இல்லை. எனக்கு இந்த மெஷினில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆர்மின் துளைகளில் பெரும்பாலானவை மேலே பார்த்திருக்கும். நுனிக்கு அருகே ஒன்றிரண்டு மட்டும் சாய்வாக இருக்கும். அவற்றின் வழியே தண்ணீர் ஒரு பக்கம் பாய, ஆர்ம் எதிர்ப்பக்கம் நகர்கிறது. தீபாவளிக்குத் தரையில் விடும் சங்குசக்கரமும் இப்படித்தான் சுற்றுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. துளையை நுனியில் வைத்ததற்கும் காரணம் உண்டு. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், பிறகு கைப்பிடியில் தள்ளிப் பாருங்கள், புரியும்.

இதில் ஒரு வேடிக்கை. ஃபில்டர் சரியாகப் பூட்டப்படாவிட்டால் சீரகம், மிளகாய் விதை எல்லாம் பம்ப் வழியாக ஆர்முக்குள் போய்விடும். ஆர்ம் சுற்றச் சுற்ற, அவை நுனிக்குத்தான் ஒதுங்கும். அதாவது, சுழற்றும் துளை இருக்கும் அதே இடத்துக்கு. அது அடைபட்டதும் ஆர்ம் நின்றுவிடும். மற்ற துளைகள் பீய்ச்சினாலும் ஒரே இடத்தில்தான் பீய்ச்சும். ஒரு வரிசை டம்ளர் சுத்தமாகவும் பக்கத்து வரிசை அழுக்காகவும் வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். எங்கள் வீட்டு ஆர்மைத் திருகிக் கழற்றிக் காதருகே ஆட்டினேன். கிலுகிலுப்பை மாதிரி சத்தம்! சீரகத்தோடு கடுகும் இருந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது.

சரி, உள்ளே சத்தமே இல்லையா? கீழ்த்தட்டில் நிற்கும் உயரமான தட்டோ, மேலிருந்து நழுவித் தொங்கும் கரண்டிக் காம்போ ஆர்மைத் தடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் அழுத்தக் குறைவுதான். மேல் ஆர்முக்குத் தண்ணீர் கூடுதல் உயரம் ஏற வேண்டும். தண்ணீர் வராத நாளில் அடுக்குமாடியின் கடைசி மாடிக்காரர் முதலில் புலம்புவதைப் போல, பம்ப் லேசாகத் திணறினாலும் மேல் தட்டில்தான் முதலில் தெரியும். சாதாரண பாத்திர சோப்பைப் போட்டால் நுரை பொங்கி, பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். கவிழ்த்து வைத்த குண்டான் நடுவில் புரண்டு நிமிர்ந்துவிட்டால், ஒரு லிட்டரை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

போர்வெல் தண்ணீர் வீடுகளில் சுண்ணாம்புப் படிவும் துளையை அடைக்கும். எங்கள் மெஷினுக்குக் கண்பட்டுவிட்டது என்று மாமியார் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தெருவில் போட்டார். அதைப் பிழிந்து, வெந்நீரில் கலந்து, ஆர்மை ஊறவைத்திருந்தால் சிட்ரிக் அமிலமாவது படிவைக் கொஞ்சம் கரைத்திருக்கும்.

சுத்தம் செய்தபின் ஆர்மின் ஒரு நுனியைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்து மெஷினை ஓட விடுங்கள். தண்ணீர் பீய்ச்சத் தொடங்கி இரண்டு நிமிடம் கழித்து நிறுத்திவிட்டு, மெதுவாகத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தும் நுனி அதே இடத்திலேயே நின்றால் ஆர்மை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.